கால்நடை டாக்டரின் இரட்டைக்குழல்

அக்கா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. எங்கள் எதிர் ஃபிளாட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் கோயம்புத்தூர்க்காரர் நடையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, புதுக் கிரிக்கெட் மட்டை ஒன்றுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கராடியில் கம்ப்யூட்டர் வேலை அவருக்கு. பால் வாங்கப் போக நான் கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்து முகத்தில் மோதியது. ஆளிவிதை எண்ணெய். நீங்கள் 'ஜவஸ் தேல்' என்பீர்கள். கொஞ்சம் காறலும் கொஞ்சம் வைக்கோல் வாசமும் கலந்த அந்த மணத்தை நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது, தினமும் பட்டறையில் அதில்தான் கை நனைக்கிறேன். ஆனால் வீட்டு வாசலில், எதிர்பாராத நேரத்தில் அது வந்தபோது நீங்களே மாடி ஏறி வந்த மாதிரி இருந்தது.

மனிதர் மட்டையை எண்ணெயில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று சொட்டு போதும், துணி வேண்டாம், உள்ளங்கையால் சூடு ஏறும்வரை தேயுங்கள் என்றேன். நீங்கள் கிரிக்கெட் ஆடுவீர்களா என்று கேட்டார். இல்லை, துப்பாக்கிக்கு மரவேலை செய்கிறேன் என்றேன். என் இடது கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். பால் வாங்காமலே திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன், இன்றுதான் எழுத வருகிறது.

உங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. கடைப் பலகையை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரிப்பீர்கள். மூன்று தலைமுறையாகப் பூனாவில் இருந்த குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் ஹிந்தி, கோபம் வந்தால் மராத்தி. நீங்கள் இருந்திருந்தால் இதை நான்தான் வாசித்துக் காட்டியிருப்பேன். பாதியில் நிறுத்தி, "பஸ், போதும், வேலையைப் பாரு" என்று சொல்லியிருப்பீர்கள்.

நாம் முதலில் பார்த்தது ஹடப்சரில், நான் வேலை செய்த வார்ப்படத் தொழிற்சாலையில். இரும்பை வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து கொடுப்பதுதான் என் தொழில். பதினைந்து வருஷம் அதைச் செய்தேன். ஒரு நாள் பட்டை ரம்பம் என் இடது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது என்னை ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். வேலைக்கு வருபவர்களுக்குக் கையுறை எடுத்துக் கொடுக்க வேண்டும். இரண்டு விரல் போனவன் கையிலிருந்து கையுறை வாங்கிக்கொண்டு போவது அவர்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். யாரும் என் முகத்தைப் பார்த்து வாங்கியதில்லை. அப்போது எனக்கு முப்பத்தேழு வயது.

அந்த ஸ்டோருக்குப் பின்னால் பழைய பலகைகளை அடுக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் நல்லதாக ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க நீங்கள் வந்திருந்தீர்கள். நீலக் காட்டன் புடவை, அதற்கு மேல் ஆண்கள் போடும் காக்கி ஏப்ரன். ஒரு தேக்குப் பலகையைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அது வேண்டாம், உள்ளே இழை முறுக்கிக்கொண்டிருக்கிறது, வெட்டினால் வளைந்துவிடும் என்று ஹிந்தியில் சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். பலகையின் முனையைக் காட்டினேன். நீங்கள் குனிந்து பார்த்துவிட்டு, "தமிழா நீ?" என்றீர்கள். பிறகு கையைக் காட்டச் சொன்னீர்கள். நான் வலது கையை நீட்டினேன். "அது இல்ல, இன்னொண்ணு" என்றீர்கள்.

இடது கையைப் புரட்டிப் பார்த்தீர்கள். சந்தையில் வெண்டைக்காய் வாங்குகிறவர்கள் பார்ப்பது போல, பரிதாபமே இல்லாமல். கட்டை விரலையும் மோதிர விரலையும் சேர்த்து அழுத்தச் சொல்லி உங்கள் விரலை நடுவில் வைத்தீர்கள். "பிடி இருக்கு. உளி நிக்கும். நாளைக்கு வந்து பாரு" என்றீர்கள். எங்கே, என்ன வேலை என்றுகூட அப்புறம்தான் சொன்னீர்கள்.

துப்பாக்கி செய்யும் பட்டறை என்று சொன்னதும் என் மனைவி தனம் பயந்துவிட்டாள். ரயில்வே ஆஸ்பத்திரியில் வேலை செய்பவள், குண்டடி பட்டவர்களைத்தான் அவளுக்குத் தெரியும். வந்து பார்த்தபிறகு அவளுக்குத் தெளிந்தது. மண்தட்டைத் தூக்கி எறிந்து அது பறக்கும்போது சுடும் விளையாட்டுக்காரர்களுக்கு, ஆளைப் பார்த்து, அளவெடுத்து, வருஷத்துக்கு மூன்றோ நான்கோ இரட்டைக்குழல் துப்பாக்கிகள். லைசென்ஸ் உங்கள் கணவர் பெயரில் இருந்தது. அவர் போனபிறகு உங்கள் பெயருக்கு மாற்ற நீங்கள் அலைந்ததைத் தனிக் கதையாகவே எழுதலாம். பட்டறைக்கு வருகிறவர்கள் உங்களைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "மாலிக் எங்கே?" என்று முதலாளியைக் கேட்பார்கள். நீங்கள் அரத்தைக் கீழே வைக்காமல், "மாலிக் கைவேலையா இருக்காங்க, சொல்லுங்க" என்பீர்கள்.

இரும்பு உங்களுடையது, மரம் என்னுடையது. இரண்டு குழல்களையும் நீளவாக்கில் சேர்த்துப் பற்றவைப்பது, அவை பின்னால் வந்து பூட்டிக்கொள்ளும் எஃகுப் பகுதியை அரம் போட்டு இழைப்பது, எல்லாம் நீங்கள். அந்த எஃகை உள்ளே வாங்கி, சுடுகிறவர் தோள்வரை போகும் மரக்கட்டை நான். அதை நாம் குந்தா என்போம். எஃகின்மேல் சிமினி விளக்கின் புகையைப் பிடித்து, மரத்தில் வைத்து, எடுத்துப் பார்க்க வேண்டும். கரி ஒட்டிய இடம் தொடுகிற இடம். அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல். மறுபடி புகை, மறுபடி சீவல். மரம் முழுக்க ஒரே சீராகக் கறுக்கும்வரை. முதல் குந்தாவுக்கு எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. ஏன் இவ்வளவு நாள் என்று நீங்கள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மூன்றாம் வருஷம் டாக்டர் வந்தார். சாத்தாரா பக்கத்துக் கால்நடை டாக்டர், அறுபது வயதை நெருங்கியவர். எருமைக்கு ஊசி போடும்போது கொம்பு பட்டு வலது கண் பார்வை போய்விட்டது. நாற்பது வருஷமாக மண்தட்டு சுடுகிறவர். வலது தோளில் வைத்து வலது கண்ணால்தான் பார்ப்பார். இடது தோளுக்கு மாற முயற்சி செய்து தோற்றுப் போயிருந்தார். விட்டுவிடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு என்னிடம் வந்து, "வலது தோள்ல வெச்சு இடது கண்ணால பாக்கணும். குந்தா மூஞ்சிக்குக் கீழ வளைஞ்சு அந்தப் பக்கம் போகணும். மரத்தால முடியுமா?" என்று கேட்டீர்கள்.

முடியும் என்றேன். வார்ப்புக்கு உருவம் செய்கிறவனுக்கு அந்தத் துணிச்சல் உண்டு. பெட்டி அடிக்கும் பைன் மரத்தில் ஒரு பொய்த் துப்பாக்கி செய்தேன். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். நீங்கள் எதிரே நின்று, அவருடைய இடது கண்மணி குழலுக்கு நேர் மேலே இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். ஒரு நூல் அந்தப் பக்கம், ஒரு நூல் இந்தப் பக்கம் என்று சொல்லச் சொல்ல நான் இழைத்துக்கொண்டே போனேன். நான்கு பொய்த் துப்பாக்கிகளுக்குப் பிறகு கண்மணி குழல்மேல் வந்து உட்கார்ந்தது. அப்புறம்தான் காஷ்மீர் அக்ரூட் மரத்தை எடுத்தேன்.

துப்பாக்கி தயாரானதும் ஒரு காலையில் சுட்டுப் பார்க்கப் போனோம். ஊருக்கு வெளியே சுடும் மைதானம். நீங்கள், நான், டாக்டர். ஆறு தடவை சுட்டார். ஏழாவது தடவை வெடிச் சத்தத்தோடு இன்னொரு சத்தம் கேட்டது, காய்ந்த குச்சி ஒடிவது போல. குந்தாவின் கைப்பிடி நீளவாக்கில் பிளந்து போயிருந்தது. டாக்டரின் கன்னத்தில், இடது கண்ணுக்குக் கீழே, ஒரு சிராய்ப்பு. அதிலிருந்து அரை அங்குல மரச்சிலாம்பு ஒன்றை அவரே பிடுங்கி எடுத்துப் பார்த்தார். "ஒண்ணுமில்லை" என்றார். அவருக்கு இருப்பதே ஒரு கண்.

திரும்பி வரும் வழியில் நீங்கள் என்னைக் கோர்படியில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டீர்கள். எனக்கு அப்போதே முடிவு தெரிந்துவிட்டது. மூன்று விரல் கையால் உளி பிடித்தவனுக்கு எங்கோ ஓர் இடத்தில் வழுக்கியிருக்கிறது. மறுநாள் பட்டறைக்கு வரவில்லை. தொழிற்சாலைக்குப் போய், ஸ்டோர் வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டேன். அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். தனத்திடம், போதும், ஒருத்தரைக் குருடாக்கிவிட்டு வாழ முடியாது என்றேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் நீங்கள் வந்தீர்கள். ஸ்கூட்டரில் முன்பக்கம் ஒரு பெட்ஷீட் மூட்டை. எங்கள் குவார்ட்டர்ஸின் சின்ன ஹாலில், சாப்பிட்டு முடித்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த மூட்டையைத் தரையில் பிரித்தீர்கள். உடைந்த குந்தாவின் இரண்டு பாதிகள். பார்க்கவே முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "பாரு" என்றீர்கள். நான் பார்க்கவில்லை. "தம்பி, நான் உனக்கு மூத்தவ. பாருன்னு சொல்றேன்" என்றீர்கள்.

பார்த்தேன். உடைந்த பாதிகளை ஒட்டிப் பிடித்து, எஃகைப் புகைபோட்டு மறுபடி அதில் வைத்துப் பார்த்திருந்தீர்கள். நான் முடித்துக் கொடுத்தபோது, எஃகு வந்து முட்டும் பின்சுவர் முழுக்கக் கறுத்த மரம் அது. இப்போது அங்கே கறுப்பே இல்லை. நடுவில், எஃகின் பின்னால் நீளும் வாலின் நுனி படுகிற இடத்தில் மட்டும் ஒரு கரிப்புள்ளி. வெடியின் உதை முழுவதையும் பின்சுவர் வாங்குவதற்குப் பதில் அந்த ஒரு நுனி வாங்கியிருக்கிறது. ஆப்பு அடித்த மாதிரி.

"உன் மரம் சரியாத்தான் இருந்துச்சு" என்றீர்கள். "நீ குடுத்தப்புறம் நான் எஃகை எடுத்து மெருகு போட்டேன். பின்பக்கம் ஒரு மயிரிழை ஜாஸ்தி தேஞ்சுபோச்சு. மறுபடி புகை போட்டுப் பாத்திருக்கணும். டாக்டர் மறுநாள் வர்றாருன்னு பாக்கல. தப்பு என்னோடது. உன் கையோடது இல்ல."

அடுக்களை வாசலில் நின்றிருந்த தனம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நீங்கள் இன்னும் முடிக்கவில்லை. "இன்னொண்ணும் இருக்கு. எனக்கு ரெண்டாம் நாளே தெரிஞ்சுபோச்சு. ரெண்டு நாளா வாய் வரல. நீ உன்னையேதான் சொல்லிக்குவேன்னு தெரியும். சும்மா இருந்தா யாருக்கும் தெரியப் போறதில்ல, லைசென்ஸுக்கும் ஒண்ணும் ஆவாது. அப்பிடி நெனச்சேன். நேத்து போய் டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். இன்னைக்கு உன்கிட்ட."

அக்கா, அந்த நிமிஷத்தைப் பற்றி உங்களிடம் ஒருபோதும் பேசியதில்லை. பேசியிருக்க வேண்டும். நீங்கள் எனக்கு வேலை கொடுத்ததற்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன், தீபாவளிக்குத் தீபாவளி. ஆனால் என் கை எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்த ஹாலில்தான். ரம்பம் இரண்டு விரலைத்தான் எடுத்தது. மிச்சத்தை நானே வெட்டிப் போட்டிருந்தேன், அந்த ஐந்து நாளில். உங்களுக்கு எத்தனையோ வழி இருந்தது. உடைந்த கட்டையை அடுப்பில் போட்டிருக்கலாம். வேறு மரவேலைக்காரனைத் தேடியிருக்கலாம். என்னைக் கூப்பிட்டு, போனால் போகிறது, எல்லோருக்கும் நடப்பதுதான் என்று பெருந்தன்மையாக மன்னித்திருக்கலாம். நானும் வாழ்நாள் முழுக்க உங்களைக் கும்பிட்டிருப்பேன். அந்த இரண்டு நாளைச் சொல்லாமல் விட்டிருந்தால்கூட எனக்குத் தெரிந்திருக்காது.

திரும்பி வா என்று நீங்கள் கேட்கவில்லை. கிளம்பும்போது, அவர் எடுத்து வைத்த பலகை ஒன்று இருக்கிறது, அதில் வளைவு இயற்கையாகவே ஓடுகிறது, வந்தால் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னீர்கள். உங்கள் கணவர் தனக்கென்று ஒரு துப்பாக்கி செய்துகொள்ள, வேர் பிரியும் இடத்தில் அறுத்து, காயவைத்த பலகை. அதைத் தொட நீங்கள் யாரையும் விட்டதில்லை என்பது எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை ஸ்டோருக்குப் போகவில்லை.

இரண்டாவது குந்தாவை நாம் ஒரே மேசையில் செய்தோம். அதுவரை நீங்கள் உங்கள் ஜன்னலடியில், நான் என் ஜன்னலடியில். இந்த முறை நீங்கள் புகைபோட்டு நீட்ட, நான் சீவ, நான் சீவியதை நீங்கள் வாங்கிப் பார்க்க. முதலில் ஒருவருக்கொருவர் கூச்சமாக இருந்தது. மற்றவர் தப்பைக் காட்டுவது எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒரு வாரத்தில் அது பழகிவிட்டது. "இங்க பட்டினி" என்பீர்கள், கரி படாத இடத்தைக் காட்டி. "இங்க அஜீரணம்" என்பேன், அதிகம் கறுத்த இடத்தைக் காட்டி. மெருகு போட்டபிறகும் புகை. எண்ணெய் தேய்த்தபிறகும் புகை. மூன்று மாதம் போனதே தெரியவில்லை.

டாக்டர் வருவாரா என்று எனக்குச் சந்தேகம்தான். வந்தார். கன்னத்துத் தழும்பு வெளுத்திருந்தது. முதலில் துப்பாக்கியை ஒரு கட்டையில் கட்டி, நூல் இழுத்து முப்பது தடவை சுட்டுக் காட்டினீர்கள். பிறகு நீங்களே தோளில் வைத்துப் பத்துத் தடவை சுட்டீர்கள். அந்த வளைந்த குந்தா உங்கள் முகத்துக்குச் சேராமல் தாடை சிவந்துபோனது. அதன் பிறகுதான் அவர் கையில் கொடுத்தீர்கள்.

முதல் தட்டு பறந்தது, தப்பியது. இரண்டாவதும் தப்பியது. நீங்கள் அவர் முகத்துக்கு எதிரே போய் நின்று, தோளில் வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நாற்பது வருஷப் பழக்கம். குறி பார்க்கும்போது டாக்டர் இடது கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார். இருந்த ஒரே கண்ணையும் மூடிக்கொண்டு அந்த மனிதர் வானத்தைச் சுட்டுக்கொண்டிருந்தார். சொன்னதும் அவரும் சிரித்தார், நிறுத்த முடியாமல், துப்பாக்கியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு. மூன்றாவது தட்டு தூளாகி விழுந்தது. நான்காவதும். ஐந்தாவதை விட்டார். ஆறாவதை அடித்துவிட்டுத் திரும்பி, கர்சீப்பை எடுத்து அந்த ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்றும் சுடுகிறார், அக்கா. எழுபத்தைந்து ஆகிறது. உங்கள் காரியத்துக்கு வந்தபோது மாடிப்படி ஏற முடியவில்லை, ஆனால் போன மாதம்கூடச் சுட்டதாகப் போனில் சொன்னார்.

பட்டறை நன்றாக நடக்கிறது. லைசென்ஸ் மீனா பெயருக்கு வந்துவிட்டது. உங்கள் மகள் உங்களைவிடச் சுருக்கமாகப் பேசுகிறாள், அது சாத்தியம் என்று நான் நினைத்ததில்லை. குழல்களைப் பற்றவைப்பதை அவளே செய்கிறாள். எஃகு இழைக்கத் தத்தா வந்திருக்கிறான். ஹடப்சரில் இருபது வருஷம் லேத் ஓட்டியவன், கை சுத்தம். ஆனால் உங்கள் ஜன்னலடியில் உட்காரத் தயங்குகிறான். இன்னும் ஸ்டூலின் நுனியில்தான் உட்காருகிறான்.

போன வாரம் ஒரு முன்கட்டை மூடவில்லை. குழலுக்கு அடியில் இடது கை பிடிக்கும் மரத்துண்டு அது. உள்ளே இருக்கும் எஃகுத் தாழ் சரியாகப் பிடிக்கவில்லை. தத்தா மூன்று முறை தாழை இழைத்துப் பார்த்தான். நான்காவது முறையும் இழைத்தபின் அரத்தை வைத்துவிட்டு, லேத்துக்கே போய்விடுகிறேன், தாயி இடத்தில், அதாவது உங்கள் இடத்தில், உட்காரத் தனக்குத் தகுதியில்லை என்று மீனாவிடம் சொன்னான். அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நான் புகைபோட்டுப் பார்த்தேன். தாழில் ஒன்றுமில்லை. நான் மரத்தில் ஒரு சீவல் அதிகம் எடுத்திருக்கிறேன். எஃகு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது.

உங்களிடம் ஒளிக்க முடியாது. மெல்லிய ஒட்டு ஒன்று வைத்துச் சரிசெய்துவிட்டு, பார்த்தாயா, உன் நாலாவது இழைப்பு சரியாக வந்துவிட்டது என்று அவனிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவனுக்கும் சந்தோஷம், எனக்கும் மரியாதை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டது.

எழுந்து போய் அவன் கையில் மரத்தைக் கொடுத்து, கரியைக் காட்டி, தப்பு என்னுடையது என்றேன். என் மராத்தி உங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான் சொல்ல வந்தது. அவன் மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். "காகா, தோன் திவஸ் ஜோப் நவ்ஹதி மலா" என்றான். அவனுக்கு இரண்டு நாளாகத் தூக்கமே இல்லையாம். சொல்லிவிட்டு ஸ்டூலில் முழுதாக உட்கார்ந்து, விளக்கை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னான்.

வேலையெல்லாம் மீனாவுக்கும் தத்தாவுக்கும் வந்துவிடும், அக்கா. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒன்று பிளந்தால் முதலில் என் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது உங்களிடமிருந்து வந்தது. எளிதாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

இன்று காலை பட்டறைக்குப் போனபோது எனக்கு முன்பே தத்தா வந்து ஷட்டரைத் தூக்கியிருந்தான்.

உங்கள்
தம்பி